நகரசபையும் ஏழையின் வீடும்

நகரசபைக் கூட்டம் ஒன்றின் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துப் பார்ப்போமானால், அதில் சாக்கடை இருக்கும், தெருவிளக்கு இருக்கும், குடிநீர்க் குழாய், சந்தைக் குத்தகை, நகரசபைக் கடைகளின் வாடகை, துப்புரவுத் தொழிலாளரின் ஊதியம் ஆகிய அனைத்தும் வரிசையாக இருக்கும். வீடு என்னும் சொல்லை மட்டும் தேடித்தான் காணவேண்டும். வீட்டு வரி என்ற உருவில் அது அடிக்கடி வரும். வீடில்லாதவனுக்கு வீடு என்ற பொருளில் அரிதாகவே வரும். ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வரும் அங்கத்தினரை வாயிற்படியில் நிறுத்தி மக்கள் கேட்கும் கேள்விகளில் முதலாவது எது? "எங்கள் பெயர் பட்டியலில் வந்துவிட்டதா?" என்பதே. சபைக்குள்ளே பேசப்படுவதும் வாயிற்படியில் கேட்கப்படுவதும் இவ்வாறு வேறுபட்டு நிற்பது ஏன் என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகிறோம். பொதுவாகப் பேசினால் பொருள் கைக்கு அகப்படாது. ஆதலால் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அவ்வூர், ஆந்திர மாநிலத்துச் சித்தூர்ச் சீமையில், தமிழகத்தின் எல்லையை ஒட்டி நிற்கும் நகரி.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இரயிலில் போகிறவர்கள் ஏகாம்பரகுப்பம், நகரி, புத்தூர் என்னும் நிலையங்களை அறிவார்கள். மூக்கைப்போல் நீட்டிக்கொண்டு நிற்கும் நகரி மலையைக் கடலில் செல்லும் மாலுமிகளும் அடையாளமாகக் கொண்டதுண்டு. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. பின்னர் படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. அதன் பின்பு, 2022 ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திரத்தின் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, புத்தூர் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. நகரி சித்தூரில் தங்கி, ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாயிற்று. எல்லைகள் இத்தனை முறை நகர்ந்தும், நகரியின் தெருக்களில் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்குவது நின்றபாடில்லை. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது நகரசபை எல்லைக்குள் 60 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தனர். அவர்களுள் தறியை நம்பிப் பிழைப்பவர் பலர். கைத்தறியின் இடத்தை விசைத்தறி பெரிதும் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆயினும் வீடும் தொழிற்கூடமும் ஒரே கூரையின்கீழ் இருப்பது என்னும் நெசவாளர் வழக்கம் அடியோடு மறைந்துவிடவில்லை. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது பயன்படும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நம் அரசியலமைப்பில் 73ஆம் திருத்தம் ஊராட்சிகளைப் பற்றியது. 74ஆம் திருத்தம் நகராட்சிகளைப் பற்றியது. பின்னது 1993 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இவற்றுடன் இரண்டு அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைக் கூறுவது பதினொன்றாம் அட்டவணை. நகராட்சிகளுக்கு உரிய 18 பொருள்களைக் கூறுவது பன்னிரண்டாம் அட்டவணை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கிராமப் பட்டியலில் கிராம வீட்டு வசதி என்பது தனி இனமாக, பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. நகரப் பட்டியலில் சேரி மேம்பாடு உண்டு. நகர வறுமை ஒழிப்பு உண்டு. நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்தல் உண்டு. கால்நடைப் பட்டியும் இடுகாடும்கூட உண்டு. வீட்டு வசதி என்ற சொல் இல்லை. சேரியைச் சீர்திருத்துவதற்குள் வீடும் அடங்கும் என்று வாதிடலாம். ஆயினும் பெயர் சொல்லப்படாத பிள்ளைக்குப் பந்தியில் இலை போடுவார் இல்லை.

ஆந்திரத்தின் நகரசபைகள் 1965ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின்படி நடக்கின்றன. அதற்கு முன் நகரிப் பகுதிக்கும் திருத்தணிக்கும் பொதுவாக இருந்தது 1920ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம். சாலை போடுதல், குப்பை அள்ளுதல், வீடு கட்டுவோருக்கு அனுமதி அளித்தல், வரி தண்டுதல் ஆகியவையே நகரசபையின் இயல்பான வேலைகள் என்னும் எண்ணம் அப்பழைய சட்டத்திலிருந்து வழிவழியாக வந்தது. நகரசபை பிறர் கட்டும் வீட்டைப் பார்த்து, "இவ்வளவு இடம் விட்டாயா? சன்னல் வைத்தாயா?" என்று கேட்கும். கட்ட இயலாதவனைப் பற்றிக் கேட்பதற்கு அதற்கு ஏடும் இல்லை, பணமும் இல்லை.

அப்படியானால் ஏழைக்கு வீடு எப்படி வருகிறது? மேலிருந்து வருகிறது. 2015 ஜூன் 25ஆம் நாள் மத்திய அரசு பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தைத் தொடங்கியது. தன் மனையில் தானே வீடு கட்டிக்கொள்ளும் ஏழைக் குடும்பத்துக்கு அதன்கீழ் ஒன்றரை லட்சம் ரூபாய் மத்திய உதவி கிடைத்தது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்டவர்கள் நலிந்த பிரிவினர் என்று கொள்ளப்பட்டனர். மனை தருவதும் மேற்கொண்டு உதவுவதும் மாநிலத்தின் பொறுப்பு. ஆந்திரத்தில் 1979இல் தோன்றிய மாநில வீட்டு வசதிக் கழகம் இருக்கிறது. நகரங்களில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டுவதற்குத் தனியாக மற்றொரு கழகமும் பின்னர் ஏற்பட்டது. நிலத்தைத் தேர்ந்து கையகப்படுத்துவது வருவாய்த் துறை. வீட்டைக் கட்டுவிப்பது கழகம். பயனாளிகளின் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது, 2019ஆம் ஆண்டுக்குப் பின், வார்டுச் செயலகம். நகரசபையின் மன்றம் இவற்றுள் எங்கே நிற்கிறது? பெரும்பாலும் ஓரத்தில்.

அடுக்குமாடி வீடுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். தரைத்தளத்துக்குமேல் மூன்று மாடிகளாக, 300, 365, 430 சதுர அடி என மூன்று அளவுகளில் அவை வகுக்கப்பட்டன. கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் செல்பவருக்கு இவை ஏற்றவையாகலாம். நெசவாளிக்கு? குழித்தறியில் அமர்பவன் காலைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிக்கிறான். மூன்றாம் மாடியில் குழி தோண்ட இயலுமா? விசைத்தறியானால் அதன் அதிர்ச்சியைக் கீழ்வீட்டார் எத்தனை நாள் பொறுப்பர்? கூலித்தறி ஓட்டுபவன் வேறிடத்துக் கொட்டகைக்குப் போய் நெய்துவரலாம் என்பது உண்மையே. அவ்விதம் போனால், வீட்டில் இருந்தபடியே தார் சுற்றியும் பாவு சேர்த்தும் உதவிய மனைவியின் உழைப்புக்கு இடமில்லாது போகும். அவ்வுழைப்பு எந்தக் கணக்கிலும் வருமானமாக எழுதப்படாததால், அதன் இழப்பும் எழுதப்படுவதில்லை.

அடுத்தது மனைப்பட்டா. 2020 டிசம்பர் 25ஆம் நாள் ஆந்திர அரசு சுமார் 30 லட்சம் குடும்பங்களுக்கு வீட்டுமனை வழங்கும் பெரும் பணியைத் தொடங்கியது. பட்டாக்கள் பெண்களின் பெயரில் வழங்கப்பட்டன. இது போற்றத்தக்கது என்பதில் நமக்கு ஐயமில்லை; கணவன் கையெழுத்திட்டுக் கடனில் இழந்த வீடுகளின் கதை எந்தத் தெருவிலும் உண்டு. கிராமங்களில் ஒன்றரை சென்ட், நகரங்களில் 1 சென்ட் என்பது அளவு. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று அதிகம். அதில் 340 சதுர அடி வீடு. செலவு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. கழித்துப் பார்த்தால் எஞ்சுவது 95 சதுர அடி. ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, ஒரு மிதிவண்டியை நிறுத்தி, துணி உலர்த்தக் கொடி கட்டினால் அந்த 95 அடியும் தீர்ந்தது. தறிக்கு இடம் எங்கே? நெசவாளர் குடியிருப்புக்கு வீட்டளவு ஓர் இலக்கணம் என்றால், தெருவின் நீளம் மற்றோர் இலக்கணம். பாவை நீளமாக விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கென்றே நம் முன்னோர் நேரான நெடுந்தெருக்களை வகுத்தனர். பாவடி என்ற பெயர் பல ஊர்களில் இன்னும் வழங்குகிறது. ஆலையில் பாவு தயாராகி வரும் இக்காலத்தில் அவ்வளவு நீளம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஆனால் தொழிலறிந்து மனை வகுத்தார்கள் என்பதே அதில் நாம் காணத்தக்கது.

ஒரு சென்ட் குடியிருக்கப் போதுமா என்னும் கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றது. 2021 அக்டோபரில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் இவ்வளவு சிறிய மனையைப் பற்றி ஐயம் எழுப்பித் திட்டத்துக்குத் தடை விதித்தார்; அவ்வாண்டு முடிவதற்குள் அத்தடை நீங்கியது. பின்னர் 2024இல் ஆட்சி மாறியபோது, நகரத்தில் 2 சென்ட், கிராமத்தில் 3 சென்ட் என்னும் அளவு முன்வைக்கப்பட்டது. 1 சென்ட்டா, 2 சென்ட்டா என்பதை மாநிலத் தலைநகரில் முடிவு செய்கிறார்கள். நகரியில் எத்தனை குடும்பங்களுக்குத் தறியுடன் வீடு வேண்டும், எத்தனை குடும்பங்களுக்கு வெறும் வீடு போதும் என்று எண்ணிச் சொல்லக்கூடியவர்களோ நகரியில் இருக்கிறார்கள். தறிக்காரர் அனைவருக்கும் ஓர் அளவு, ஏனையோருக்கு ஓர் அளவு என்று வகுத்தால், அதே நிலத்தைக்கொண்டே பலரைத் திருப்தி செய்யலாம். எல்லோருக்கும் ஒரே அளவு என்பது நீதிபோலத் தோன்றும். காலளவு பாராமல் அனைவருக்கும் ஒரே செருப்பை வழங்குவது போன்றது அது.

இவ்விடத்தில் ஒரு காலக்கணக்கையும் சொல்லவேண்டும். 2014இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆந்திர நகரசபைகளின் ஆயுள் 2019இன் நடுவில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2021 மார்ச் 10ஆம் நாள்தான் நடைபெற்றது. இடையே ஏறக்குறைய இருபது மாதங்கள் தனி அதிகாரிகளின் நிர்வாகம். மனைப்பட்டா வழங்கிய டிசம்பர் 25 இந்த இடைவெளிக்குள் விழுகிறது. அதாவது, எந்த நிலத்தில் குடியிருப்பு அமையும், அது ஊரிலிருந்து எத்தனை தொலைவு, யார் யார் பெயர் பட்டியலில் ஏறும் என்று தீர்மானிக்கப்பட்ட காலத்தில், கேள்வி கேட்பதற்குத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. தனி அதிகாரிகள் திறமையற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. திறமை வேறு, தெருவில் நிறுத்திக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர் இருப்பது வேறு.

மன்றம் கூடியபின் அதன் மேசைக்கு வந்தது என்ன? குடியிருப்புகளின் பின்விளைவு. வீடு கட்டியவர் போய்விட்டபின், சாலை எங்கே, சாக்கடை எங்கே, குழாய் எங்கே என்று மக்கள் கேட்பது நகரசபையைத்தான். நிலத்தைத் தேர்ந்தபோது அதனைக் கேட்கவில்லை. நீரைக் கொண்டுபோகும்போது மட்டும் அதனை அழைக்கிறார்கள். வரவோ மிகச் சிறிது. 2021இல் ஆந்திரம் சொத்து வரியை வாடகை மதிப்பிலிருந்து மூலதன மதிப்புக்கு மாற்றியது. அப்போது 375 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டில் உரிமையாளரே குடியிருந்தால் ஆண்டுக்கு 50 ரூபாய்தான் வரி என்று வகுத்தார்கள். ஏழையிடம் அதற்குமேல் கேட்பது அறமன்று. ஆனால் ஆயிரம் வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று நகரசபைக்கு ஆண்டில் தருவது 50 ஆயிரம் ரூபாய். அத்தொகையில் ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு எத்தனை மாதம் ஊதியம் தரலாம் என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆதலால் புதுக் குடியிருப்பின் ஒவ்வொரு தெருவிளக்கும் பழைய ஊரின் வரியிலோ மேலிருந்து வரும் மானியத்திலோ எரியவேண்டியிருக்கிறது. மன்றத்தில் அங்கத்தினர்கள் இதற்காகச் சச்சரவிடும்போது அது வெறும் கட்சிச் சண்டை என்று நாளிதழ் படிப்போர் ஒதுக்கிவிடுகின்றனர். வரவுசெலவுத் திட்டத்தைப் புரட்டியவர்களுக்கு அச்சண்டையின் வேர் தெரியும்.

தொலைவு என்பது வீட்டுக் கணக்கில் மறைந்துகிடக்கும் செலவு. சென்னையில் 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், முதற்காலத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டியது. 2000ஆம் ஆண்டையொட்டி, ஊருக்குப் புறத்தே துரைப்பாக்கம் பக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே அமைந்தன. சுவரும் கூரையும் கிடைத்தன. ஆனால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீட்டு வேலை செய்த பெண்கள் விடியுமுன் பேருந்துக்கு நிற்க நேர்ந்தது. பலர் வேலையை விட்டனர். சிலர் வீட்டை விட்டுத் திரும்பினர். அவ்வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வீடு, வாழ்விடம் என்ற இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணகி நகர் கற்பித்தது என்று கொள்வதில் தவறில்லை. நகரி சென்னை அன்று. அங்கே நான்கு கிலோமீட்டர் என்பதே தொலைவு. நூல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கு அந்த நான்கும் நாற்பதே.

சொற்களைப் பற்றிப் பேசப் புகுந்தமையால், மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் ஒன்று சொல்லாமல் அப்பால் செல்வதற்கில்லை. இத்தகைய வீட்டை மலிவு வீடு என்று எழுதுவோர் உளர். மலிவு என்றதும் தரக்குறைவு என்னும் நிழல் அதன்மேல் படிகிறது. தெலுங்கில் அந்துபாட்டு என்கிறார்கள். கைக்கு எட்டுவது என்பது அதன் கருத்து. தமிழில் நம் வீட்டுப் பெண்டிர் கடைத்தெருவில் அன்றாடம் வழங்கும் சொல்லொன்று இருக்கிறது: கட்டுபடியாவது. விலையை மட்டும் அது சொல்லவில்லை. வாங்குபவனின் வரும்படியையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டு லட்சம் ரூபாய் வீடும் ஒருவனுக்குக் கட்டுபடியாகாமல் போகலாம், அது வேலைக்கு எட்டாத இடத்தில் இருக்குமானால்.

நகரசபையே வீடு கட்டித் தந்த ஊர் உலகில் இல்லையா என்றால், உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் வியன்னா நகரம் 1934வரையில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தானே கட்டி, மிகக் குறைந்த வாடகைக்கு விட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் காரல் மார்க்ஸ் குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. அதில் பொதுச் சலவைக்கூடங்களும் குழந்தைகள் பள்ளியும் இருந்தன. இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1922இல் வியன்னா தனி மாநிலமாகவும் ஆயிற்று. வரி விதிக்கும் உரிமை அதன் கைக்கு வந்தது. 1923இல் வீட்டுக் கட்டட வரி ஒன்றை விதித்தது. சிறு வீட்டுக்குச் சிறு வரி, மாளிகைக்குப் பெருவரி. வியன்னாவின் பெருமையைப் பேசுவோர் அக்கட்டடங்களின் வளைவுகளை வருணிப்பார்கள். அந்த வரியைச் சொல்ல மறப்பார்கள். வரியும் நிலமும் கையில் இல்லாத நகரசபையை நோக்கி, வியன்னாவைப் பார் என்பது பட்டினி கிடப்பவனை நோக்கி விருந்தைப் பார் என்பதற்கு ஒப்பாகும்.

சிங்கப்பூரில் 1960இல் அமைந்த வீட்டு வசதி வாரியம் கட்டிய வீடுகளில்தான் அந்நாட்டுக் குடிமக்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்கின்றனர். அவர்களுள் நம் தமிழரும் உளர். அங்கே கட்டுவது தேசிய வாரியம். ஆனால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரமன்றங்கள் ஏற்பட்டு, மின்தூக்கி, படிக்கட்டு, புல்தரை ஆகியவற்றைப் பேணும் பொறுப்பையும் அதற்கான கட்டணத்தையும் சேர்த்தே பெற்றன. பொறுப்பு ஒரு கையிலும் பணம் மறு கையிலுமாக அங்கே பிரிந்து நிற்கவில்லை.

நம் நாட்டில் இப்போது நடைபெறும் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர் 1ஆம் நாள் தொடங்கியது. 1 கோடிக் குடும்பங்கள் அதன் இலக்கு. சொந்த மனையில் கட்டுவோருக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சமும், மாநிலம் குறைந்தது 1 லட்சமும் தரவேண்டும் என்பது பெரும்பாலான மாநிலங்களுக்கான விதி. வாடகை வீடுகளும் இதில் ஒரு பிரிவாகச் சேர்ந்திருப்பது நல்லது. நகரி போன்ற ஊரில் இன்று இம்முதலாளியிடமும் நாளை அம்முதலாளியிடமும் தறி ஓட்டும் இளைஞனுக்கு, ஆயுள் முழுதும் அசையாத மனையைவிட, தொழிலுக்கு அருகே ஒழுங்கான வாடகை வீடே உதவும்.

பட்டியலை யார் முடிவு செய்வது என்னும் கேள்விக்கு மீண்டும் வருவோம். கிராமத்தில் கிராம சபை என்று ஒன்று கூடுகிறது. இன்னாருக்கு மச்சு வீடு இருக்கிறதே, இவர் எப்படிப் பட்டியலில் வந்தார் என்று அங்கே எழுந்து கேட்கலாம். நகரத்தில்? 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளுக்கு மட்டுமே வார்டுக் குழுவை அரசியலமைப்பு கட்டாயமாக்கியிருக்கிறது. நகரி அந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே சிற்றூர்க்காரனுக்கும் பெருநகரத்தானுக்கும் கிடைத்த உரிமை நடுவிலுள்ள ஊர்க்காரனுக்குக் கிடைக்கவில்லை. மாநிலம் மனம் வைத்தால் இக்குறையைத் தானே நீக்கலாம். கேரளத்தில் நகரங்களிலும் வார்டு சபை கூடுகிறது. தமிழ்நாட்டில் 2022இல் விதிகள் வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. 1960வரை நகரியோடு ஒரே மாவட்டத்தில் இருந்த திருத்தணிக்காரர் தம் தெருவின் குறையைப் பகுதி சபையில் எழுப்பலாம். சில கல் தொலைவில் நகரியில் இருப்பவர் வார்டுச் செயலகத்து மேசையில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். செயலகம் வீட்டுக்கு அருகே வந்தது நன்மையே. ஆயினும் அது அலுவலகம், சபை அன்று. அலுவலகத்தில் தன் விண்ணப்பத்தைப் பற்றித்தான் கேட்கலாம். சபையில் எல்லோருடைய விண்ணப்பத்தையும் பற்றிக் கேட்கலாம்.

இதற்குச் சட்டத்திருத்தம் வரும்வரை மன்றம் கைகட்டியிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தீர்மானம் இயற்றும் உரிமை அதற்கு உண்டு. தன் எல்லைக்குள் வாடகைக்குக் குடியிருக்கும் தறிக்காரக் குடும்பங்கள் எத்தனை, பயன்படாமல் கிடக்கும் நகரசபை நிலம் எவ்வளவு, அதில் குடிநீர்க் குழாய் செல்லும் தெருவை ஒட்டியது எவ்வளவு என்று கணக்கெடுத்து, அக்கணக்கைத் தீர்மானத்துடன் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். பயனாளிகள் பட்டியலை இறுதி செய்யுமுன் மன்றக் கூட்டத்தில் வார்டு வாரியாகப் படிக்கலாம். குழாயும் சாலையும் அமையுமுன் வீட்டை ஒப்படைத்ததாகக் கணக்கு எழுதக் கூடாது என்று வற்புறுத்தலாம்.

அப்பட்டியல் எம்மொழியில் ஒட்டப்படுகிறது என்பதும் சிறிய செய்தியன்று. மன்றத்தின் நடவடிக்கைகள் மாநில மொழியாகிய தெலுங்கில் நடப்பது முறையே. ஆனால் ஒரு மாவட்டத்திலோ நகராட்சியிலோ மக்களில் 15 விழுக்காட்டினர் வேறொரு மொழியைப் பேசுவாராயின், முக்கியமான விதிகளையும் அறிவிப்புகளையும் அம்மொழியிலும் வெளியிடவேண்டும் என்பது மொழிச் சிறுபான்மையினருக்காக நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட காப்பு. இதனைக் கவனிக்க, அரசியலமைப்பின் 350ஆ பிரிவின்படி தனி ஆணையர் ஒருவர் உண்டு. எழுத்துத் தெரியாத பட்டியலில் தன் பெயர் விடுபட்டதை ஒருவர் அறிவதற்குள், ஆட்சேபம் தெரிவிக்கும் நாள் கடந்துவிடுகிறது. மேலும், 350ஆம் பிரிவின்படி, குறை தீர்க்க வேண்டும் விண்ணப்பத்தை மத்திய அரசின் அதிகாரிக்கோ மாநிலத்தின் அதிகாரிக்கோ, அம்மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம். நகரியில் குடியிருக்கும் தமிழ் நெசவாளி தன் மனுவைத் தமிழிலேயே எழுதி, தறிக்கு இத்தனை அடி இடம் வேண்டும் என்று குறித்து, நாளும் எண்ணும் இட்ட ரசீதைக் கேட்டுப் பெறலாம்.